கிண்கிணி களைந்த கால்

ஒன்பது வயதுப் பையனின் அப்பா ஒருவர் கேட்ட கேள்வி இது: "பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை பருவம் பிரித்துப் பாடிய தமிழ், பையன் வளர்வதை எங்கே பாடியிருக்கிறது? 'ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது' என்பது நம் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறதா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா?"

பாடியிருக்கிறது, நிறையவே. தனித் தலைப்புப் போட்டுப் பாடாததால் சட்டென்று கண்ணில் படுவதில்லை. போர்ப் பாட்டுக்குள்ளும் காதல் பாட்டுக்குள்ளும் தாயின் புலம்பலுக்குள்ளும் அந்தப் பையன் ஒளிந்திருக்கிறான். இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. எனக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். குலதெய்வக் கோயிலில் முடி இறக்குவதற்கு முந்தின வாரம் ஸ்டூடியோவில் எடுத்தது. இருந்த முடியை இழுத்துப் பின்னி, குஞ்சம் கட்டி, பூத் தைத்து, பாவாடை சட்டை போட்டு, பின்னல் தெரிவதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு கையிலும் வளையல், காலில் கொலுசு. என் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அதை எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அந்த வருஷம்தான் பந்தைத் தவறவிட்டதற்காக ஒருவன் என்னைப் பார்த்து, "போய் வளையல் மாட்டிக்கோடா" என்றான்.

புறநானூற்றின் 77-ஆம் பாட்டை முதன்முதலாக ஒழுங்காகப் படித்தபோது இந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இடைக்குன்றூர் கிழார் பாடியது. தலையாலங்கானப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் அப்போது சின்னப் பையன். புலவர் அவனைத் தலையிலிருந்து பார்க்கவில்லை, காலிலிருந்து பார்க்கிறார். "கிண்கிணி களைந்தகால் ஒண்கழல் தொட்டு" என்று தொடங்குகிறது. கிண்கிணியை, அதாவது குழந்தையின் சதங்கையைக் கழற்றிய காலில் இப்போது வீரனின் கழல். வளையலைக் கழற்றிய கையில் வில்: "குறுந்தொடி கழித்தகைச் சாபம் பற்றி". கழுத்தில் கட்டிய தாலியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. இது கல்யாணத் தாலி இல்லை. திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் குட்டி குட்டியாகச் செய்து குழந்தைக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத் தாலி. பாலை விட்டுச் சோறு உண்டதே இன்றைக்குத்தான் என்று வேறு சொல்கிறார்.

ஆண்மைக்கு வரும் சடங்கு என்று ஒன்று அந்தப் பாட்டில் இருந்தால் அது கழற்றுவதுதான். கிண்கிணி களைந்த கால், குடுமி களைந்த நுதல் (நெற்றி), தொடி கழித்த கை. சேர்த்துக்கொண்ட கழலையும் வில்லையும் விட, எடுத்துப் போட்ட சதங்கையும் வளையலும்தான் புலவரின் கண்ணில் உறுத்துகின்றன. பாட்டின் கடைசியில் இன்னொன்றும் சொல்கிறார். எதிர்த்து வந்தவர்களைப் பிடித்து, வானத்தில் ஒலி எழும்படி நிலத்தில் வீழ்த்திக் கொன்ற பிறகு அந்தப் பையன் மகிழவும் இல்லை, பூரிக்கவும் இல்லை: "மகிழ்ந்தன்றும் மலிந்தன்றும் அதனினும் இலனே". உரைகாரர்கள் இதை அடக்கம் என்று மெச்சுவார்கள். எனக்கு அந்த வெறுமையான முகம் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பால் மறந்த அன்றைக்கே முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கவும் பழகிவிட்டான்.

புறநானூற்றில் எனக்குப் பையன் என்றால் நினைவுக்கு வருவது 310-ஆம் பாட்டு. பாடியவர் பொன்முடியார். ஏழெட்டு வரிதான். போர்க்களத்தில் ஒருவன் கேடயத்தின் மேல் கிடக்கிறான். குதிரைப் பிடரி மாதிரி குடுமி. புல்லணல், அதாவது இப்போதுதான் முளைத்த பூனைமுடித் தாடி. அவன் அம்மா பார்க்கிறாள். அவளுக்கு முதலில் வரும் நினைவு போரைப் பற்றியது இல்லை. குழந்தையாக இருந்தபோது பால் ஊட்டினால் குடிக்க மாட்டான். அதனால் ஒரு சின்னக் குச்சியை ஓங்குவாள். "செறாஅது ஓச்சிய சிறுகோல்" என்கிறாள். கோபம் இல்லாமல், சும்மா பயமுறுத்த ஓங்கிய கோல். அதற்கே நடுங்கியவன். இப்போது யானையைக் கொன்ற பிறகும் அடங்காமல் நின்றவன் மார்புப் புண்ணில் அம்பு தைத்து நிற்கிறது. அதைச் சொன்னால், "உன்னிலன்" என்கிறான். கவனிக்கவே இல்லையே என்கிறான்.

இந்த ஒரு சொல்லை எத்தனை முறை படித்தாலும் தீர்வதில்லை. வீரத்துக்கு உதாரணமாகத்தான் வகுப்பில் நடத்துவார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பேசுகிறவன் யாரென்று பாருங்கள். குச்சிக்குப் பயந்தவன். பயத்தை வெளிப்படையாகக் காட்டி அழத் தெரிந்தவன். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் என்ன நடந்தது என்று பாட்டு சொல்லவில்லை. அந்த இடைவெளியைத் தாண்டி அம்பு குத்தியதே தெரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான். தெரியாமலா இருக்கும்? பையன்கள் முட்டியில் ரத்தம் வழிய வீட்டுக்கு வந்து, "எப்பம்மா பட்டுச்சுன்னே தெரியல" என்பார்களே, அதே குரல்.

சரி, எல்லோரும் மேற்கோள் காட்டும் "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" பாட்டும் இதே பொன்முடியாருடையதுதான் (புறம் 312). பள்ளி ஆண்டுவிழா மேடையில் அதன் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். தாய்க்குக் கடமை, தந்தைக்குக் கடமை, கொல்லனுக்குக் கடமை, அரசனுக்குக் கடமை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் பையனுக்கு ஒரு கடமை வருகிறது: யானையைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருவது. ஊரே கூடி ஆளுக்கொரு வேலையாகச் செய்து அவனைத் தயார்பண்ணுகிறது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே "சான்றோன்" என்றால் பண்பாளன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். புறப்பாட்டுச் சூழலில் அது போர்வீரன்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279-ஆம் பாட்டை ஒரு காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். அண்ணனை முன்பொரு நாளும் கணவனை நேற்றும் போரில் இழந்தவள், இன்று பறை கேட்டதும் தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். அனுப்பும் முன் வெள்ளாடை உடுத்திவிட்டு, பறட்டையாகக் கிடந்த தலையில் எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி. இந்தப் பாட்டின் முதல் இரண்டு சொல் "கெடுக சிந்தை". என் சிந்தை கெட்டுப்போகட்டும் என்று பாடுகிறவளே பதறுகிறாள். மறக்குடியின் பெருமையைப் பாட வந்தவளுக்கும் அந்த எண்ணெய்த் தலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆக, பழைய பாட்டில் எதிர்பார்ப்பும் இருக்கிறது, அதைப் பார்த்து ஏற்பட்ட நடுக்கமும் இருக்கிறது. நாம் முன்னதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டோம்.

வீட்டுக்குள்ளே வருவோம். பிள்ளைத்தமிழில் பருவம் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி வரை ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தவழ்வது, கைகொட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது எல்லாம் ஒன்றேதான். எட்டாவதில் பாதை பிரிகிறது. பெண் குழந்தைக்குக் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பறை கொட்டுவதும் தேர் உருட்டுவதும் சரி. சிற்றில் என்றால் என்ன? சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள். பாட்டுடைத் தலைவன் போய் அதைக் காலால் கலைப்பான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்ச வேண்டும். ஆணும் பெண்ணும் வேறு என்று ஆன பிறகு அவன் செய்யும் முதல் காரியமே அவர்கள் கட்டியதை இடிப்பதுதான்! இதைப் பக்தியாகவும் கொஞ்சலாகவும் ரசித்துப் பழகிவிட்டதால் நமக்கு உறைப்பதில்லை.

ஆண்டாளுக்கு உறைத்திருக்கிறது. நாச்சியார் திருமொழியில் இரண்டாவது பதிகம் முழுக்கச் "சிற்றில் சிதையேலே" என்ற கெஞ்சல்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: "இன்று முற்றும் முதுகு நோவ இருந்திழைத்த இச்சிற்றிலை". நாள் முழுக்க முதுகு வலிக்கக் குனிந்து உட்கார்ந்து கட்டியது, கண்ணால் நன்றாகப் பார்த்து ஆசை தீரக்கூட நேரம் கொடு என்கிறாள். அந்த முதுகு வலி, கட்டி விளையாடியவளுக்குத்தான் தெரியும்.

கலித்தொகையின் 51-ஆம் பாட்டு இதன் தொடர்ச்சி மாதிரி இருக்கும். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி. நாம் தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைத்து, தலைப்பூவைப் பிடுங்கி, வரிப்பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவானே, அந்தச் "சிறுபட்டி" என்று தலைவி தோழியிடம் ஆரம்பிக்கிறாள். பட்டி என்றால் கட்டாமல் திரியும் மாடு. அவன் வளர்ந்து ஒரு நாள் வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். "அன்னாய், இவனொருவன் செய்தது காண்" என்று கத்துகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்ததும், தண்ணீர் விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிவிட, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அழகான நாடகம், சந்தேகமில்லை. அவளுக்கு அவன்மேல் ஆசையும் இருக்கிறது. "கள்வன் மகன்" என்று அவள் திட்டுவதிலேயே அது தெரியும். இருந்தாலும் வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் கடைசிப் பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் பையன்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். வீட்டை இடித்தாலும் கையைப் பிடித்தாலும் யாராவது ஒரு பொய் சொல்லிக் காப்பாற்றுவார்கள், அம்மா வந்து முதுகைத் தடவுவாள். "ஆம்பளப் பையன் அப்படித்தான் இருப்பான்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதற்கு வயது ஆயிரத்தைந்நூறுக்கு மேல். அழுவதற்குக் கிடைக்காத சலுகை, பிடுங்குவதற்குக் கிடைத்திருக்கிறது.

பருவப் பெயர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஆணுக்கும் உண்டு. பன்னிரு பாட்டியல் என்ற பழைய இலக்கண நூலின் கணக்குப்படி ஏழு வயது வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை, முப்பது வரை விடலை, அதற்குமேல் முதுமகன். இதைப் பேதை, பெதும்பை மாதிரி யாரும் ஒப்பிப்பதில்லை. ஒரு வேடிக்கை: இன்று "விடலைப் பருவம்" என்று பதின்வயதைச் சொல்கிறோம், பாட்டியலில் முப்பது வயதுக்காரனும் விடலைதான். எனக்குத் தெரிந்த சில வீடுகளில் அந்தக் கணக்கே இன்னும் செல்லுபடியாகிறது. பெயர்களைப் பாருங்கள்: வலிமை, மறம், திறல், எருது. உடம்பில் நடப்பது எதுவும் அதில் இல்லை.

பெண் பெரியவளானால் மஞ்சள் நீராட்டு, பந்தல், மாமன் சீர் என்று ஊரைக் கூட்டுகிறோம். அது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கூச்சம் என்பது வேறு கதை. பையனுக்கு எதுவுமே இல்லை. குரல் உடைகிறது, வீட்டில் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அதற்குத் தமிழில் "மகரக்கட்டு" என்று ஒரு சொல் இருந்ததே பலருக்குத் தெரியாது. அதைப் பிழைப்புப் பிரச்சினையாகவே பார்த்தவர்கள் பாய்ஸ் கம்பெனிக்காரர்கள், அதாவது சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட குழுக்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. ராஜா வேடமான ராஜபார்ட்டும் சிறுவர்களே, பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் சிறுவர்களே. வீட்டை விட்டு வந்து கம்பெனியிலேயே சாப்பிட்டு, தூங்கி, பாடம் பண்ணி, அடிவாங்கி வளர்ந்தார்கள். மேடையில் சேலை கட்டி, ஜடை போட்டு, ஒப்பாரி வைத்து அழுதார்கள். நன்றாக அழுதால் கைதட்டல். ஊரில் "பொட்டப்புள்ள மாதிரி அழாதே" என்று அதட்டு வாங்கும் வயதில், இவர்களுக்கு அப்படி அழுவதே தொழில். பிறகு ஒரு நாள் மகரக்கட்டு வரும். குரல் பிசிறும். கம்பெனியில் செல்லப்பிள்ளையாக இருந்தவனுக்குத் திடீரென்று பாத்திரம் இருக்காது. சிவாஜி கணேசனும் சிறுவனாக நாடகத்தில் சேர்ந்து சீதை வேடத்தில்தான் தொடங்கினார். அந்தக் கண்ணீர்விடும் கலையை அவர் பிறகு கதாநாயகனாகவும் விடவில்லை. தமிழ் ஆண்கள் ஒரு தலைமுறை முழுக்க இருட்டில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதார்கள், விளக்குப் போட்டதும் துடைத்துக்கொண்டார்கள். டி.கே. சண்முகமோ வளர்ந்த மனிதராகக் கிழவி வேடம் போட்டு "அவ்வை" என்ற பட்டத்தையே பெயரோடு ஒட்டிக்கொண்டார். சென்னையில் அவ்வை சண்முகம் சாலை என்று தெருவே இருக்கிறது. யாரும் அதைக் கேலி செய்ததாக நான் கேட்டதில்லை.

நவீன எழுத்தில் மூன்றை மட்டும் சொல்கிறேன். தி. ஜானகிராமனின் "சிலிர்ப்பு" கதையில் ரயிலில் போகும் ஒரு பையன், தான் தின்னாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழத்தை, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும் சிறுமியிடம் கொடுத்துவிடுகிறான். அப்பா அவனை அள்ளி அணைத்துக்கொள்கிறார். மகனின் இளகிய மனசைப் பார்த்து ஓர் அப்பா பெருமைப்படும் கதைகள் நம்மிடம் குறைவு. பூமணியின் "வெக்கை"யில் பையனுக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். புறநானூறு என்றால் அவன் காளை; வெட்டியதோடு பாட்டு முடிந்திருக்கும். பூமணி அதற்குப் பிறகான நாட்களை எழுதுகிறார். சமைப்பது, குளிப்பது, இடம் மாறுவது, அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது.

மூன்றாவது அசோகமித்திரனின் "18வது அட்சக்கோடு" (1977). செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, மாட்டை மேய்த்துக்கொண்டு திரியும் சந்திரசேகரன், 1948 கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கிருந்த பெண், தன் வீட்டாரை விட்டுவிடச் சொல்லித் தன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் யாரையும் எதுவும் செய்ய வரவில்லை. ஆனால் அவளுக்கு அவன் ஓர் ஆண், அவ்வளவுதான். தான் இன்னும் பையன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அவள் கண்ணில் தான் என்னவாகத் தெரிகிறோம் என்று பார்த்த கணம் அது. குமட்டிக்கொண்டு ஓடுகிறான். பையன் ஆணாகும் கணத்தை இவ்வளவு கசப்பாக எழுதிய இன்னொரு தமிழ் நாவல் எனக்குத் தெரியாது.

சமூகத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2007-இல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 சதவீதம் பேர் பையன்கள். நம்மில் பலர் பெண் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கையைப் பையனுக்குச் சொன்னதே இல்லை. 2012-இல் வந்த போக்சோ சட்டம்தான், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், 18 வயதுக்குக் கீழே ஆண், பெண் என்று பிரிக்காமல் "குழந்தை" என்று பேசியது. நாட்டில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் கணக்கு. காரணங்கள் பல: கடன், குடி, நோய், குடும்பம். ஆனாலும் இந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு "உன்னிலன்" காதில் விழுகிறது.

இப்போது அழுகைக்கு வருகிறேன். ஆண் அழக்கூடாது என்று பழைய தமிழில் ஒரு விதியை நான் பார்த்ததில்லை. தொல்காப்பியம் "பெருமையும் உரனும் ஆடூஉ மேன" என்று ஆணுக்கும், அச்சம் நாணம் மடம் என்று பெண்ணுக்கும் பங்கு பிரித்ததும், புறப்பாட்டில் வலியை விழுங்குவது வீரமாக இருந்ததும் உண்மை. ஆனால் பாரி இறந்தபின் பறம்பை விட்டுப் போகும் கபிலர் "நீர்வார் கண்ணேம்" என்று பாடுகிறார். கம்பனின் ராமன் அப்பா இறந்த செய்தி கேட்டும், சடாயுவைப் பார்த்தும் கதறுகிறான். மாணிக்கவாசகர் "அழுதால் உன்னைப் பெறலாமே" என்கிறார். பெரியபுராணத்தில் சீர்காழிக் குளக்கரையில், அப்பா தண்ணீருக்குள் மூழ்கியதும் காணாமல் அழுத மூன்று வயதுப் பையனுக்குத்தான் ஞானப்பால் கிடைத்தது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் "தோடுடைய செவியன்" இல்லை.

வள்ளுவர் இன்னும் ஒரு படி போகிறார். சான்றாண்மை தாங்கும் ஐந்து தூண்களில் முதல் இரண்டு அன்பும் நாணும். தொல்காப்பியம் பெண் பக்கம் வைத்த நாணத்தை எடுத்து எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிட்டார். "பேராண்மை" என்ற சொல்லை அவர் எங்கே பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். ஓரிடத்தில் பிறன் மனைவியை ஆசையோடு பார்க்காமல் இருப்பது. இன்னோரிடத்தில் பகைவர்முன் அஞ்சாமை. ஆனால் அந்தப் பகைவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் உதவுவதுதான் அதன் கூர்முனை என்கிறார். யானையைக் கொல்வது இரண்டிலும் இல்லை. உங்கள் பையனுக்கு ஆண்மை என்று ஏதாவது சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 148-ஆம் குறளையும் 773-ஆம் குறளையும் கொடுங்கள்.

அதோடு அந்த 310-ஆம் பாட்டையும், வீரம் தீரம் என்று முன்னுரை எதுவும் போடாமல், பொருள் மட்டும் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை ஏழாம் வகுப்பில் அப்படிச் செய்தேன். அம்பு தைத்ததையே கவனிக்கவில்லை என்று அவன் ஏன் சொல்கிறான் என்று கேட்டதும், வீரன் சார், வலிக்காது சார் என்று ஒரே சத்தம். ஜன்னலோரத்தில் ஒருவன் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். நீ சொல்லு என்றேன்.

"அவங்கம்மா பக்கத்துல நிக்கிறாங்கல்ல சார்" என்றான்.